பதினொரு விலாசம்

படிவம் நிரப்புவது சுகமான தொழில் என்று நினைப்பவர்கள், மறியல் சிறையில் இருப்பவரின் மனைவிக்கு முன்னால் ஒருநாள் பேனையோடு இருந்து பார்க்கவேண்டும். பிணை கேட்பவர்களின் விபரங்களை எழுதிக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஆளை வெளியே விட்டால் வழக்குத் தவணைக்கு வருவாரா, தலைமறைவாவாரா என்று செயற்கை நுண்ணறிவு அதைப் படித்துச் சொல்லும். அது முகம் பார்க்காது, ஆகையால் எல்லோருக்கும் ஒரே நீதி என்று பயிற்சியில் சொன்னார்கள். முடிவு நீதவானுடையது, பெருமை என்னுடையது. கொழும்பில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவன் அல்லவா! படிவங்களோடு மாரடிக்கும் உங்களுக்கு இந்தப் பெருமை நோய் விளங்கும்.

நிரந்தரத் தொழில்

முதல் ஆள் முள்ளியவளைக்காரர் ஒருவர். “நிரந்தரத் தொழில் உண்டா, இல்லையா?” என்று அதிகாரமாகக் கேட்டேன். மழை பெய்தால் வயல், பெய்யாவிட்டால் மேசன் வேலை, இரண்டும் இல்லாவிட்டால் மச்சானின் ட்ரக்டர் என்றார். ஒரு கட்டத்தில் மட்டும்தான் அடையாளம் போடலாம் என்றேன். படிவத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இதில மழைக்கு ஒரு கட்டம் இல்லையோ?”

என் கெட்டித்தனம்

துணுக்காய்ப் பக்கத்துப் புஸ்பம் அக்கா திங்கட்கிழமை வந்தா. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பக்கத்து வயல்காரரை அடித்ததாக அவாவின் கணவர் ராசன் விளக்கமறியலில் இருந்தார். நெல் விளைந்து சாய்ந்துகொண்டிருந்தது. நெல் வெட்டு மெசின் அவர்களின் வயலுக்கு வரும் முறை வெள்ளிக்கிழமை. அதைத் தவறவிட்டால் மழைக்குள் அகப்பட்டு அவ்வளவும் வயலிலேயே முளைத்துவிடும்.

இருபது வருடத்தில் இருந்த விலாசங்கள் எத்தனை என்பது கேள்வி. “ஓடின இடமெல்லாம் சொல்லவோ?” என்று கேட்டா. விபரம் கூடக்கூட நல்லது என்று நான் உற்சாகப்படுத்தினேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது போட்ட கொட்டில்களைத் தனித்தனியாக எழுதினேன். முகாமில் கூடாரம் மாறியதைக்கூட விடவில்லை. பதினொன்று வந்தது. இவ்வளவு வடிவாக யாரும் படிவம் நிரப்பியிருக்கமாட்டார்கள் என்று எனக்குள் ஒரே சந்தோசம், ஒரே புழுகம்.

“ரெண்டு நாள் ஒரு பாலைமரத்துக்குக் கீழயும் கிடந்தனாங்கள் தம்பி. அதையும் எழுதிப்போட்டியளோ?”

சிவப்பு

எழுதியிருந்தேன். கணினி சிவப்புக் காட்டியது. அடிக்கடி இருப்பிடம் மாறுபவர், தலைமறைவாகும் வாய்ப்பு மிக அதிகம். பழைய படிவங்களைப் புரட்டினேன். நான் நிரப்பிய எல்லோருக்குமே சிவப்பு. என் விபரத்தையே போட்டுப் பார்த்தேன். எனக்குப் பதின்மூன்று விலாசம், இன்னும் கடும் சிவப்பு. மென்பொருள் செய்த கொழும்புப் பொடியனுக்குப் போன் எடுத்தேன். அவன் பணிவாகத்தான் கேட்டான்.

“ஏன் சேர், உங்க ஊர்ல எல்லாரும் இப்படி வீடு மாறியிருக்காங்க? வாடகைப் பிரச்சினையா?”

வியாழக்கிழமை

ராசனைக் கூண்டில் ஏற்றினார்கள். நீதவானின் கையில் என் சிவப்புத்தாள். பேசாமல் இருந்தால் என் வேலை மிஞ்சும், ராசனின் நெல் போய்விடும். எழும்பினேன். “ஐயா, பிழை என்னுடையது. இது இடம்பெயர்ந்த கணக்கு. இதன்படி பார்த்தால் ராசனுக்கு முதல் நான்தான் ஓடவேணும்” என்றேன்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப ஏன் நீர் ஒவ்வொரு நாளும் எட்டரைக்கே வந்து வாசலில நிக்கிறீர்?” என்றார். சட்டத்தரணிகள் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ராசனிடம் இப்போது எங்கே இருக்கிறீர் என்று கேட்டார். கலியாணம் கட்டியபோது குடியிருந்த அதே காணியில் என்றார் ராசன். இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்ட சரீரப் பிணையில் ஆள் வெளியே வந்தார்.

வாசலில் புஸ்பம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவா கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“ஓடினது எத்தினை தரம் எண்டு கேட்டியள். திரும்பி எங்க வந்தனியள் எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாமே, தம்பி.”

பதின்மூன்று இடம் ஓடிவிட்டு என் பழைய வீட்டு வளவுக்கே திரும்பி வந்து குந்தியிருக்கிற எனக்கு, அந்தக் கேள்வி கடைசிவரை தோன்றவில்லை என்பதுதான் இந்த வேலையில் நான் கண்ட மிச்சம்.