கன்னடப் பக்கத்தில் ஒரு தெலுங்குப் பெட்டி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை காலையில், தருமபுரியில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் நடந்தது இது. நான் பாப்பாரப்பட்டியில் வீட்டிலிருந்தே இணையதளங்கள் செய்து கொடுக்கிறேன். அந்த மருத்துவமனைக்கும் நான்தான் செய்திருந்தேன். எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள் என்பதால் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் என நான்கு மொழிகளில்.

பக்கங்கள் திறக்க நேரமாகிறது என்று குறை சொன்னார்கள். அதற்கு ஒரு வழி உண்டு. பக்கத்தின் சில பகுதிகளை ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தயாரிக்காமல், ஒரு முறை தயாரித்ததைச் சேமித்து வைத்து, அடுத்த ஒரு மணி நேரம் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே எடுத்துக் கொடுப்பது. கேச் செய்வது என்போம். அறுவை சிகிச்சைக்கு முன் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்லும் பெட்டியையும் அப்படிச் சேமித்தேன். தளம் வேகமாகிவிட்டது, எனக்கும் பாராட்டு கிடைத்தது.

சில நாள் கழித்து வரவேற்பில் இருக்கும் பெண் போன் செய்தாள். "அக்கா, தமிழ்ப் பக்கத்துல ஒரு பொட்டி மட்டும் வேற பாஷைல வருதுன்னு ஒருத்தரு சொல்றாருங்க." நான் திறந்து பார்த்தேன். சரியாகவே இருந்தது. அவர் போன் பழசாக இருக்கும், மறுபடி திறக்கச் சொல் என்றேன். அடுத்த வாரம் ஒரு படம் அனுப்பினாள். கன்னடக்காரர் ஒருவர் இது கன்னடமே இல்லை என்கிறாராம். படத்தில் வட்ட வட்டமாக எழுத்துகள். கன்னடம்தானே என்று நினைத்து மூடிவிட்டேன். எனக்குக் கன்னடம், தெலுங்கு இரண்டுமே படிக்கத் தெரியாது.

அந்தப் புதன்கிழமை, புதிதாகச் சேர்ந்த மருத்துவர்களைத் தளத்தில் போடுவதற்காகப் படம் எடுக்கப் போயிருந்தேன். அறுவை அரங்குக்கு வெளியே ஒரு கட்டிலில் நான்கு வயதுப் பெண் குழந்தை பச்சை உடுப்பில் உட்கார்ந்திருந்தது. மாறுகண்ணுக்கு அறுவை. சின்னக் குழந்தை என்பதால் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். உள்ளே கூட்டிப் போகும் முன் நர்ஸ் கடைசியாக ஒரு முறை கேட்டார்.

"பாப்பா காலைல எதுனா சாப்ட்டுச்சாங்க?"

"ரெண்டு இட்லி, கொஞ்சம் பால்" என்றார் அம்மா. "ஆறு மணிக்குள்ளயே ஊட்டிட்டேங்க."

நர்ஸ் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டார். அப்போது மணி ஒன்பது. மயக்கத்தில் இருக்கும்போது வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கு அறுவை கிடையாது என்று உள்ளேயிருந்து மருத்துவர் சொல்லிவிட்டார்.

"ஆறு மணி நேரம் ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு போன்லயே அனுப்பினோமே, படிக்க மாட்டீங்களா?" என்று நர்ஸ் சத்தம் போட்டார்.

அந்த அம்மா கர்நாடகப் பக்கம் பிறந்து, இந்தப் பக்கம் எல்லையோரக் கிராமத்துக்குக் கல்யாணமாகி வந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. முந்தின நாள் திறந்த பக்கம் போனில் அப்படியே இருந்தது. அதை நீட்டினார். நர்ஸ் பார்த்துவிட்டு, "கன்னடத்துலதானே இருக்கு?" என்றார்.

"தலைப்புதாங்க கன்னடா. கீழ பொட்டில இருக்கறது தெலுகு" என்றார் அவர். விரலை வைத்துக் காட்டினார். "எங்க எழுத்துல மேல கோடு படுத்திருக்கும். இதுல பாருங்க, டிக் அடிச்ச மாதிரி நிக்குது. எனக்கு ஆறுங்கற நம்பர் மட்டும்தான் புரிஞ்சுது. ஆறு மணிக்குள்ள ஊட்டிரணும் போலன்னு நெனச்சேன்."

கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். எப்போதும் தள நிர்வாகியாக உள்ளே நுழைந்துதான் பார்ப்பேன். நிர்வாகிக்கு மட்டும் சேமித்த நகல் வராது, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாராகும். அதனால்தான் எனக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. இந்த முறை வெளியேறிவிட்டு, வெளியாள் போலக் கன்னடப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டி தமிழில் வந்தது. சேமிக்கும்போது பெட்டியின் பெயரை மட்டும் குறித்திருந்தேன். எந்த மொழிப் பெட்டி என்று குறிக்கவில்லை. அந்த மணி நேரத்தில் முதலில் திறந்தவர் மொழி எதுவோ, மற்ற எல்லோருக்கும் அதுதான். திருத்துவதற்கு ஒரு சொல்தான் தேவைப்பட்டது.

சொல்லாமல் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் உள்ளே அந்த அம்மா, தான் செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தார். போய் மருத்துவரிடமும் அவரிடமும் சொன்னேன். தப்பு அவருடையது இல்லை, என்னுடையது, இரண்டு முறை சொல்லியும் நான் கேட்கவில்லை என்று. மருத்துவர், "நர்ஸ் கேக்காம வுட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொன்று கேட்டார். "நாளைக்கு யாருக்காச்சும் இருக்குதுங்களா? அவங்களும் இதைத்தானே பாத்திருப்பாங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை. வரவேற்புப் பெண் உடனே மறுநாள் அறுவைக்கு இருந்தவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். நான் திருத்திய பக்கத்தை அந்த அம்மாவிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் அர்த்தம் சொன்னார். ஒரு வரியில், தண்ணீரும் கூடாது என்பதில் 'கூடாது' விடுபட்டிருந்தது. தளம் தொடங்கி ஏழு மாதம், அதைக் கன்னடம் தெரிந்த ஒருவர் முழுக்கப் படித்துச் சொன்னது அன்றுதான் முதல் முறை.

அடுத்த வாரம் குழந்தைக்கு நல்லபடியாக அறுவை முடிந்தது. இப்போது ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, வெளியாளின் போனில் பார்த்த பிறகே எதையும் வெளியிடுகிறேன். அப்படியும் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு வரி வெளியே போகும்போதெல்லாம் ஒரு பயம் வருகிறது. அது என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.