நானூற்றுப் பன்னிரண்டு கிலோ மட்டக்குதிரை

லாரிக்காரர்கள் அவளை முள்ளக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி எடைமேடையில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது எடையைக் காட்டியது ஒரு வட்டத்தட்டும் அதில் ஓடும் ஒரு முள்ளும். முள் முழுசாக நிற்கும்வரை அவள் சீட்டில் பேனாவை வைக்கமாட்டாள். "நின்னுடுச்சுக்கா, எழுதிக் குடுங்க" என்று ஓட்டுநர் கெஞ்சினால், "உனக்கு நின்னுடுச்சு. முள்ளு இன்னும் மூச்சு விடுது" என்பாள். ஒன்பதாவது வருடம் முள் போய்ச் சிவப்பு எண்கள் வந்தன. பெயர் போகவில்லை.

இது முப்பத்தோராவது வருடம். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுடைய அறை எட்டடிக்கு ஆறடி. ஒரு மேசை, எண் காட்டும் பெட்டி, சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், ஒரு கால் ஆடும் நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பதினைந்து மீட்டர் நீளத்தில் இரும்பு மேடை, அதற்கப்பால் சாலை, புல்வெளி, எல்லாவற்றுக்கும் பின்னால் மலைமுகடு. லாரி வராத நேரத்தில் அவள் கண் போய் உட்காரும் இடம் அந்த முகடுதான். ஒருமுறைகூட அங்கே போனதில்லை. பாதை இரண்டு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர், முழுக்க ஏற்றம். வலது முழங்கால் சம்மதிக்காது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டை வைத்தபடியே கணவரிடம் சொன்னாள்: "நான் குதிரை ஏறப் போறேன்."

கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். எதற்கும் சட்டென்று ஆச்சரியப்படமாட்டார்.

"எந்தக் கோட்டையைப் பிடிக்க?"

"கோட்டையும் இல்ல, கொத்தளமும் இல்ல. ஞாயித்துக்கிழமையானா மெதுவா மேல போகணும், மெதுவா கீழ வரணும். அவ்வளவுதான்."

"அதுக்கு எங்க தொழில்ல லிஃப்ட்னு பேரு."

"உங்க லிஃப்ட்டுல இத்தனை பேருக்கு மேல ஏறாதேன்னு பலகை இருக்கும் இல்ல? குதிரைமேல அப்படி ஒண்ணும் எழுதல. அதான் என் கவலையே."

அவர் கிண்டலை அங்கேயே நிறுத்திக்கொண்டார். காரணம் அவருக்குத் தெரியும். முப்பத்தொரு வருடமாக ஊரான் சுமையை எல்லாம் நிறுத்தவள், தன்னை ஒருமுறைகூட நிறுத்துப் பார்த்ததில்லை. அறையிலிருந்து சாலைக்குப் போக மேடையைக் குறுக்கே கடந்தால் இருபது அடி. அவள் சுற்றிக்கொண்டு நாற்பத்தைந்து அடி நடப்பாள். மருத்துவமனையில் எடை பார்க்கச் சொன்னால், "போன வாரம்தான் பார்த்தேன்" என்று பொய் சொல்வாள். அவள் சொல்லி வந்த ஒரே பொய் அதுதான். இப்போது ஒரு வாயில்லாத ஜீவனின் முதுகில் உட்காரலாமா கூடாதா என்ற கேள்வி வந்துவிட்டது. அதற்குப் பொய் போதாது.

சாலையோடு மூன்று கிலோமீட்டர் போனால் குதிரை வளர்ப்பவர் ஒருவரின் பண்ணை. நாற்பத்தைந்து வயது இருக்கும், சட்டைப்பையில் எப்போதும் வைக்கோல் துணுக்கு இருக்கும். முள்ளக்கா நோட்டும் பேனாவுமாக மூன்று ஞாயிறு அங்கே போனாள். அவரிடம் மூன்று வகை இருந்தன. ஒன்று, வெளியிலிருந்து வந்த குதிரையோடு கலந்து பிறந்த உயரமான வகை. இரண்டாவது ஆற்றங்கரை மட்டக்குதிரை, சுருக்கமாக மட்டம். நாட்டு இனம்தான், ஒல்லியாக, துள்ளலாக, கண்ணுக்கு அழகாக இருந்தது. "இருநூத்தி எண்பது கிலோதான்" என்று அவர் சொன்னதுமே நோட்டில் அதன் பெயரை அடித்துவிட்டாள். மூன்றாவது மலை மட்டம். அதுவும் நாட்டு இனம். குட்டையான கால், தடித்த எலும்பு, கண்ணை மறைக்கும் நெற்றிமயிர். யாரோ அவசரத்தில் பிசைந்து வைத்த மாதிரி இருந்தது.

"உங்களுக்கு உசரமானதுதான் சரிப்படும்க்கா" என்றார் அவர். "தப்பா எடுத்துக்காதீங்க."

"எதைத் தப்பா எடுத்துக்காம இருக்கணும்?"

அவர் வைக்கோல் துணுக்கை எடுத்துப் பல்லில் வைத்துக்கொண்டார். "எங்க கணக்கு ஒண்ணு இருக்கு. குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்கு. ஆளும் சேணமும் சேர்த்து அதுக்கு மேல போகக் கூடாது."

"இந்த மட்டம் எவ்வளவு எடை?"

"மார்புல நாடா போட்டுப் பார்த்தா நானூறு வருது. பத்து இருபது முன்னப்பின்ன இருக்கும்."

முன்னப்பின்ன என்ற சொல் அவளுக்கு ஆகாது. "தம்பி, அடுத்த ஞாயிறு ரெண்டையும் வண்டியில ஏத்திட்டு மேடைக்கு வாங்க" என்றாள். "முதலாளிகிட்ட நான் கேட்டுக்கறேன்."

ஞாயிறு காலை பத்து இருபதுக்கு வண்டி வந்தது. உயரமான குதிரையை முதலில் இறக்கினார்கள். வெயிலில் அதன் முதுகு செம்புப் பாத்திரம் மாதிரி மின்னியது. இரும்பு மேடையில் ஒரு குளம்பை வைத்தது. மேடை அடியில் பள்ளம், அதனால் 'டங்' என்று ஒலித்தது. அவ்வளவுதான், பின்னால் பாய்ந்து, வளர்ப்பவரையும் இழுத்துக்கொண்டு சாலையோரம் போய் நின்றது. நான்காவது முயற்சியில் மேடையேறியது. ஏறி என்ன பயன்? எண் நானூற்று நாற்பதுக்கும் ஐந்நூற்று முப்பதுக்கும் நடுவே கூத்தாடியது.

இதற்குள் சாலையில் மூன்று லாரிகள் சேர்ந்துவிட்டன. முதல் லாரி ஓட்டுநர் தலையை நீட்டினார். "அக்கா, இது எத்தனை டயர் வண்டி?"

"நாலு. ஹாரன் அடிச்சீங்க, உங்க லாரிய நாளைக்குத்தான் நிறுப்பேன்."

அவர் சிரித்தபடி கையை எடுத்தபோது முழங்கை பட்டு ஹாரன் அலறிவிட்டது. உயரமான குதிரை மேடையிலிருந்து ஒரே தாவாகத் தாவிப் புல்வெளிக்குள் ஓடியது. வளர்ப்பவர் பின்னாலேயே ஓடினார். பிடித்துக்கொண்டு வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. லாரிக்காரர்களுக்கு அது போதவில்லை. இன்னொரு தரம் ஓடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மலை மட்டம் இறங்கியது. மேடையின் விளிம்புக்கு வந்து நின்றது. குனிந்து இரும்பை முகர்ந்தது. வலது முன்குளம்பால் ஒருமுறை தட்டிவிட்டு, காதை முன்னால் திருப்பி, அந்த ஓசை அடங்கும்வரை கேட்டது. இன்னொரு இடத்தில் தட்டியது. அதையும் கேட்டது. யாரும் கயிற்றை இழுக்கவில்லை. அதுவாக ஏறி, நடுமேடைக்கு வந்து, நான்கு காலையும் ஊன்றி நின்றது.

அறைக்குள் இருந்த முள்ளக்கா பெட்டியைப் பார்த்தாள். நானூற்றுப் பத்து. கண்ணை எடுக்காமல் பார்த்தாள். நானூற்றுப் பத்துதான்.

உயிருள்ள எதுவும் அந்த மேடையில் இப்படி நின்று அவள் பார்த்ததில்லை. ஆடுமாடு ஏற்றிய லாரி என்றால் எண் ஒரு நிலையில் இருக்காது. ஓட்டுநர் இருக்கையில் நெளிந்தாலே எண் துடிக்கும். பெட்டி கெட்டுவிட்டதோ என்று விரலால் தட்டிப் பார்த்தாள். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. வெளியே அது மூச்சு விடுவது தெரிந்தது, விலா எழும்பித் தாழ்ந்தது. எண் அசையவில்லை.

"ஹாரன் அடிங்க" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"அடிச்சா நாளைக்குத்தான்னு சொன்னீங்களே!"

"இப்ப அடிக்கலைன்னா நாளைக்குத்தான்."

ஹாரன் அலறியது. மட்டம் ஒரு காதை மட்டும் லாரி பக்கம் திருப்பியது. எண் நானூற்றுப் பத்தில் நின்றது. ஓட்டுநர் லாரியை விட்டு இறங்கி வந்தார். மற்ற இருவரும் வந்தார்கள். ஒருவரும் கிண்டல் பேசவில்லை. கல் ஒன்று மூச்சு விடுவதைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி சுற்றி நின்றார்கள்.

முள்ளக்கா அலமாரியைத் திறந்து மேடையைச் சரிபார்க்கும் ஒரு கிலோ எடைக்கற்களை எடுத்தாள். அந்தப் பெட்டிக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கணக்குத் தெரியாது. ஆனால் அதை ஏமாற்ற ஒரு வழி உண்டு. கற்களை ஒவ்வொன்றாக மேடையில் வைத்துக்கொண்டே போனால், ஐந்தைத் தாண்டும் இடத்தில் எண் அடுத்த பத்துக்குக் குதிக்கும். வைத்த கற்களைக் கழித்தால் உண்மையான எடை வந்துவிடும். ஆடாத பொருளுக்குத்தான் இது பலிக்கும். உயிருள்ள ஒன்றுக்கு அவள் இதைச் செய்ததே இல்லை. காலையிலேயே கூட வந்திருந்த கணவர் மேடையின் மூலையில் கல் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது கல்லுக்கு எண் நானூற்று இருபதுக்குக் குதித்தது.

"நானூத்திப் பன்னிரண்டு" என்றாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

ஐந்தில் ஒரு பங்கு எண்பத்திரண்டு கிலோ நானூறு கிராம். அடுத்தது அவள் முறை. சேணத்தை மட்டத்தின் முதுகில் போட்டுவிட்டு வளர்ப்பவர் விலகி நின்றார். லாரிக்காரர்கள் தாங்களாகவே முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக மேடையில் காலை வைத்தாள். ஒரு கையை மட்டத்தின் கழுத்தில் வைத்து அதன் பக்கத்தில் நின்றாள். வெளிச்சுவரில் இருந்த பெரிய பலகையில் ஐந்நூறு என்று வந்தது. அவள் கால் மாற்றி மாற்றி நின்றதில் எண் துடித்தது. மட்டத்தின் மூச்சு உள்ளங்கையில் ஏறி இறங்குவதைக் கவனித்தாள். மெல்ல அவள் மூச்சும் அதோடு சேர்ந்துகொண்டது. எண் நின்றது. ஏழாவது கல்லுக்கு ஐந்நூற்றுப் பத்து.

நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. அவளும் சேணமும் எண்பத்தாறு.

"மூணு கிலோ அறுநூறு கிராம்" என்றார் வளர்ப்பவர். "விடுங்கக்கா. அதுக்குத் தெரியவா போகுது?"

"லாரிக்கும்தான் தெரியாது. அதுக்குத்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க."

முதல் ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்: "நியாயம்தான். அம்பது கிலோ கூடுதலா இருந்ததுக்கே என்னைத் திருப்பி அனுப்பினவங்க."

"அப்படின்னா உசரமானதை எடுத்துக்குங்க. அதுல இன்னைக்கே ஏறலாம்" என்றார் வளர்ப்பவர்.

"அது வேண்டாம். எனக்கு இதுதான்."

"சரி, மட்டத்துக்குத் தீனியைக் கூட்டி இருபது கிலோ ஏத்திடுவோம். கணக்கு தானா சரியாயிடும்."

"கொழுப்பு தூக்குமா, எலும்பு தூக்குமா?"

கல்கணக்கில் ஒரு கிலோ பிசகலாம் என்று, தன் எடையில் தான் குறைக்க வேண்டியதை நான்கு கிலோவுக்கும் கூடுதலாகவே அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதன்பின் பன்னிரண்டு ஞாயிறு அவள் மட்டத்தோடு நடந்தாள். ஏறவில்லை. ஏற்றத்துக்கும் போகவில்லை. புல்வெளியைச் சுற்றி வரும் சமதளப் பாதையில், பிடரிமயிரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். முதல் ஞாயிறு அறுநூறு மீட்டர். பன்னிரண்டாவது ஞாயிறு நான்காயிரத்து நூறு. மூன்றாம் வாரம் ஒன்றைக் கவனித்தாள். முழங்கால் வலித்து அவள் நடை குறுகும்போது மட்டத்தின் நடையும் அதே அளவு குறுகியது. வலி விட்டதும் அதுவும் நீட்டி நடந்தது. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. அவள் வேண்டுமென்றே இரண்டு தரம் நொண்டிப் பார்த்தாள். மட்டம் காலைக் குறுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். "நாப்பது வருஷம் நான் ரிப்பேர் பார்த்ததுல ஒண்ணுகூட இப்படி இல்ல" என்றார்.

பதின்மூன்றாவது ஞாயிறு மறுபடியும் மேடை. மட்டம் நானூற்றுப் பதினொன்று. அவளும் சேணமும் சேர்ந்தபோது பலகை நானூற்றுத் தொண்ணூறு காட்டியது. நான்காவது கல்லுக்கு எண் ஒருமுறை மின்னி, பிறகு ஐந்நூறில் நின்றது. நானூற்றுத் தொண்ணூற்றொன்று. அவள் பங்கு எண்பது. அனுமதி எண்பத்திரண்டு. இந்தத் தடவை லாரிக்காரர்கள் யாரும் திரும்பி நிற்கவில்லை, அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

மேடையின் சிமென்ட் திட்டில் நின்று ஏறினாள். மட்டம் அசையாமல் அவளை வாங்கிக்கொண்டது. வளர்ப்பவர் கூடவே நடந்து வந்தார். பாதியில், பச்சைப்பசேலென்று புல் விரிந்த ஓரிடத்தில் மட்டம் நின்றது. இரும்பைத் தட்டியது போலவே குளம்பால் தட்டிக் கேட்டது. பிறகு பாதையை விட்டு மேல்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. வளர்ப்பவர் கையில் இருந்த கம்பைப் புல்லுக்குள் குத்தினார். முக்கால் கம்பு உள்ளே போய்விட்டது.

"போன வாரம் இங்க சேறு இல்லக்கா" என்றார். தன் குதிரையையே புதிதாகப் பார்ப்பவர் போல அவர் முகம் இருந்தது.

ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முகட்டில் நின்றார்கள். காற்று பலமாக வீசியது. கீழே சாலை ஒரு கோடு, மேடை அதன் ஓரத்தில் ஒரு தீப்பெட்டி, அதன் பக்கத்தில் கடுகளவு ஒரு ஜன்னல். அந்த ஜன்னலிலிருந்து இங்கே பார்த்த வருடங்கள் முப்பத்தொன்று. அவளுக்குக் கீழே நானூற்றுப் பதினொரு கிலோ உயிர் அப்படியே நின்றது. அன்று சிவப்பு எண்ணில் கண்ட அந்த நிலை இப்போது அவள் தொடைகளுக்கும் முதுகெலும்புக்கும் தெரிந்தது.

கைப்பேசி அடித்தது. கணவர்.

"எங்க இருக்கே?"

"மேல."

"நான் மேடைமேலதான் நிக்கறேன். தெரியறேனா?"

"புள்ளியா ஒண்ணு தெரியுது. எவ்வளவு காட்டுது?"

"எழுபது. ஆனா நிக்க மாட்டேங்குது, ஆடிட்டே இருக்கு. சரி, அங்க என்ன தெரியுது, சொல்லேன்."

அவள் வாயைத் திறந்தாள். முகட்டுக்கு அந்தப் பக்கம், அவள் ஜன்னலுக்கு என்றுமே தெரியாத பக்கம், இன்னொரு முகடும் அதற்குப் பின்னால் இன்னொன்றும் நீலமாக அடுக்கிக்கொண்டே போயின. மட்டம் காதை அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? லைன் கட்டாயிடுச்சா?" என்று கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.