மூன்றாவது நட்டு

பேய்க்கதைக்கு இருட்டு வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மதியம் மூன்றரைக்கு மேல். ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

நானும் மாமாவும், அதாவது என் அக்கா வீட்டுக்காரரும், சேர்ந்து வண்டிப் பட்டறை வைத்திருந்தோம். சைலன்சர் குழாயில் துருப்பிடித்து இறுகிப்போன நட்டுகளைக் கழற்றுவதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் மேலிருந்து சூடு காட்டுவார். நான் அடியில் படுத்து ஸ்பேனரைத் திருப்புவேன். பட்டறை இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் இரும்பில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் திருப்பு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

மாமா போய் மூன்று மாதம். சாமான் எடுக்க ஒரு கிடங்குக்குப் போனவர், ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு வேனிலேயே கண்ணயர்ந்தார். எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார், கஷ்டப்படவில்லை என்றார்கள். அதை நம்பித்தான் அக்கா கொஞ்சம் தேறினாள்.

எனக்கு மட்டும்தான் உறுத்தல். அதற்கு ஒரு வாரம் முன்பு, வேனுக்குள் புகை நாற்றம் வருகிறது, பார் என்றார். இன்ஜினோடு குழாய் சேரும் இடத்தில் புகை கசியாமல் இருக்க ஒரு பேக்கிங், அதை இறுக்கிப் பிடிக்க மூன்று நட்டு. இரண்டு வந்தன. மூன்றாவது அசையவில்லை. முறிந்தால் ஒரு நாள் வேலை கெடும். சோம்பேறித்தனம். இரண்டையும் திரும்ப முடுக்கிவிட்டு, "பேக்கிங் மாத்தியாச்சு மாமா" என்றேன். என் பேச்சை அவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

இப்போது அக்கா வேனை விற்கிறாள்.

"வாங்குறவங்க புள்ளகுட்டிக்காரங்கடா. நல்லா பாத்துக் குடுத்துரு."

ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் நான் மட்டும். வேன் பூட்டியிருந்தது, சாவி என் சட்டைப்பையில். அடியில் படுத்து, மூன்றாவது நட்டுக்குச் சூடு காட்டி, எண்ணெய் விட்டு, ஸ்பேனரை மாட்டினேன்.

மணி 3.34.

டங்.

ஒரு தட்டு. பழகிய கை தானாகத் திருப்பியது. கிரீச்... நட்டு இளகியது.

அப்புறம்தான் உறைத்தது. மேலே யார்?

"யாருப்பா?"

தலையைத் திருப்பிப் பார்த்தேன்; வேனைச் சுற்றி எந்தக் காலும் தெரியவில்லை.

3.40.

டங் டங்.

வேனுக்குள்ளிருந்து... என் முகத்துக்கு நேர் மேலே.

ஸ்பேனரை விட்டுவிட்டேன்.

டங் டங்... டங் டங்...

நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் மெதுவாக... பலமில்லாமல்...

"நிறுத்திட்டேன் மாமா..."

டங்...

இரண்டாவது தட்டு வரவில்லை.

வெளியே வந்தேன். வேன் பூட்டியபடி இருந்தது. உள்ளே யாருமில்லை. திரும்ப அடியில் புகுந்தேன். நட்டு கையாலேயே கழன்று வந்தது. பேக்கிங் ஒரு பக்கம் முழுக்கக் கருகி உதிர்ந்திருந்தது. அங்கேயே கிடந்து அழுதேன்.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே கிடங்குக் காவலாளி உட்கார்ந்திருந்தார். மாமா அங்கே விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தாராம்.

"ஒண்ணு மனச அரிச்சுக்கிட்டே இருக்கும்மா. அன்னைக்கு மூணு நாப்பது இருக்கும். வேன்ல தட்டுற சத்தம். ரெண்டு ரெண்டா. மெக்கானிக்காச்சே, ஏதோ ரிப்பேர் பாக்குறாருன்னு விட்டுட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ரெண்டு பேரும் தட்டித்தானடா பேசிக்குவீங்க? ரெண்டு தட்டு தட்டுனா என்னடா அர்த்தம்?"

மாமாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தேன்.

"மறந்துடுச்சுக்கா" என்றேன்.

என் பேச்சை அவளும் சரிபார்க்கவில்லை.