புயலில் ஊதிய சங்கு

ஊரடங்கு போட்டிருந்த வருடம், மே மாதம். கொல்கத்தாவில் பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு ஹவுராவில் ரயில்வே வேலை. மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்களைப் பார்த்துவிட்டுப் போக தாம்பரத்திலிருந்து வந்த என் மாமியார், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை முடிந்து ஊருக்குக் கிளம்பலாம் என்ற நேரத்தில் ரயில்கள் எல்லாம் நின்றுவிட்டன. ஆக, நானும் அவரும் நாள் முழுக்க ஒரே வீட்டுக்குள். இருவருக்குமே வாய் கொஞ்சம் நீளம். புயல் வருவதற்கு முன்பே நம் வீட்டில் புயல் சின்னம் ஏற்றியாகிவிட்டது என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

மாடியில் வீட்டுக்கார அம்மாள், தன் மகனோடு இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஷிமா, அதாவது சித்தி. எனக்கும் அப்படியே. அவருக்கு நுரையீரல் நோய். கொரோனா பயத்தில் கதவைச் சாத்தியவர் திறக்கவே இல்லை. காய்கறி, பால் எல்லாம் பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கும் பைக்குள் போய்விடும். என் கணவர் தினமும் வெளியே போய் வருகிறவர் என்பதால் எங்களிடம் அவருக்குக் கூடுதல் பயம். ஏதாவது கேட்க வேண்டும் என்றால் படியில் நின்று மூடிய கதவோடுதான் பேச வேண்டும். எனக்கு அதில் வருத்தம் இருந்தது, ஆனால் குறை சொல்ல மனம் வராது. அவர் மூச்சுக்குப் படும் பாடு சில நாட்கள் கீழே எங்களுக்கே கேட்கும்.

பெரும்புயல் வருகிறது என்று டிவியில் சொன்னதும் நான் இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். நான் சென்னை வெள்ளத்தைப் பார்த்தவள். மார்பளவு தண்ணீரில் வீட்டை விட்டு வெளியேறி, ஒரு வாரம் கழித்துச் சேறாகிப்போன சாமான்களுக்கு நடுவே நின்றவள். எனக்குப் புயல் என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் மேலே ஏற வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எங்கள் வாடகையில் மொட்டைமாடியில் ஒரு சின்ன அறையும் சேர்த்தி. சுவர் செங்கல், கூரை ஆஸ்பெஸ்டாஸ். அரிசி, பருப்பு, பாத்திரம், துணிமணி, சான்றிதழ்கள் என்று எல்லாவற்றையும் அங்கே ஏற்றினேன். படியில் சாமான் போகும் சத்தம் கேட்டு, இது காற்று, தண்ணீர் இல்லை, கீழேயே இருங்கள் என்று மாஷிமா கதவுக்குப் பின்னாலிருந்து ஹிந்தியில் சொன்னார். சரி சரி என்றேன். எங்களுக்கா புயலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் என் கணவரும் நானும் மாமியாரை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டு போனோம். சாமான் மட்டும்தான் ஏறுகிறது என்று மாஷிமா நினைத்திருக்கிறார். அவருடைய கதவுதான் மூடியிருந்ததே. என் கணவர் அன்றிரவு ஹவுராவிலேயே தங்க வேண்டியிருந்தது.

மதியத்துக்கு மேல் காற்று கிளம்பியது. முதலில் எனக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. கீழே தெருவில் தண்ணீர் ஏறுகிறதா என்று ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். கணுக்காலுக்குக்கூட ஏறவில்லை. பொழுது சாயும்போதுதான் நான் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

காற்று வீசும், அடிக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். அந்தக் காற்று தள்ளியது. சுவரில் கை வைத்தால் சுவர் அதிர்ந்தது. தெருமுனையில் பூத்துக் குலுங்கிய பெரிய குல்மோகர் மரம் எதிர்வீட்டு பால்கனி வரை குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்தது. பிறகு நிமிரவே இல்லை. அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு பெரிய இரைச்சல். ஏதோ ஒரு மாடியிலிருந்து காலித் தண்ணீர்த் தொட்டி ஒன்று கிளம்பி, பந்துபோல வானத்தில் போனது. தூரத்தில் டிரான்ஸ்பார்மர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக வெடித்து அணைந்தன. மின்சாரம் போயிற்று, போனும் செத்தது. எனக்குப் பயம்தான். ஆனாலும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இத்தனை பெரிய ஒன்றை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. அதன் முன்னால் என்னுடைய சாமர்த்தியமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்று தெரிந்த நிமிடம் அது.

அப்போதுதான் தலைக்கு மேலே கூரைத் தகடு ஒன்று தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது.

அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே கொஞ்சம் திறந்தவெளி. நான் மட்டும் என்றால் தவழ்ந்தாவது போய்விடலாம். மாமியாரைத் தனியாகத் தூக்க என்னால் முடியாது. அவரால் ஒரு அடிகூட வைக்க முடியாது. கூரை போனால் அவர் கதி என்ன? கத்திப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என் கையைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னார். "நீ கீழ போம்மா. ரெண்டு பேரும் இங்க கெடந்து சாகணும்னு ஒண்ணும் இல்ல."

"சும்மா இருங்கத்தை," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில் கீழேயிருந்து சங்குச் சத்தம். மாமியார் முகம் வெளுத்துவிட்டது. நம் வீடுகளில் சங்கு எப்போது ஊதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யார் போய்விட்டார்கள் என்று கேட்டார். மாஷிமாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். ஆனால் உடனே பக்கத்து வீட்டில் ஒரு சங்கு, அதற்கடுத்த வீட்டில் ஒன்று, தெருக்கோடியில் மெல்லிசாக இன்னொன்று. சாயங்காலப் பூஜைக்கு வங்காளிப் பெண்கள் சங்கு ஊதுவதைத் தினமும் கேட்டிருக்கிறேன். புயலைப் பார்த்தும் ஊதுவார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. ஊரையே பிடுங்கிப் போடும் அந்தக் காற்றுக்கு எதிராக, வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் மூச்சைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாமியாருக்கு விஷயம் புரிந்ததும் மூளை என்னைவிட வேகமாக வேலை செய்தது. "அவங்க சத்தம் நமக்கு கேக்குதுன்னா, நம்ம சத்தமும் அவங்களுக்கு கேக்கும். அந்த இட்லிப் பானைய எடு," என்றார். வெள்ளத்துக்குப் பயந்து நான் சமையலறையையே மேலே ஏற்றி வைத்திருந்தேன் அல்லவா! பானையை மடியில் கவிழ்த்துக்கொண்டு, சங்கு ஓயும் இடைவெளி பார்த்து இரும்புக் கரண்டியால் அடித்தார். சங்கு, பானை, சங்கு, பானை. திடீரென்று கீழே சங்கு நின்றுவிட்டது.

சற்று நேரத்தில் படிக்கட்டுக் கதவு திறப்பது தெரிந்தது. மாஷிமாவின் மகன் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்தபடி வந்தார். அலிப்பூர் கோர்ட்டில் குமாஸ்தா. ஒல்லியான மனிதர், என்னோடு அதுவரை நாலு வார்த்தை பேசியதில்லை. புடவையால் மாமியாரை நாற்காலியோடு கட்டினோம். அறையை விட்டு வெளியே வந்ததும் மழை முகத்தில் சரளைக்கல் மாதிரி அடித்தது. அவர் கொண்டுவந்த டார்ச் பறந்துவிட்டது. எந்தப் பக்கம் படிக்கட்டு, எந்தப் பக்கம் மாடிச்சுவர் என்று தெரியாத இருட்டு.

அந்த இருட்டில் மறுபடி சங்கு ஊதியது. மாஷிமா படிக்கட்டு வாசலில் நின்றுகொண்டு எங்களுக்கு வழி காட்டத்தான் ஊதுகிறார் என்று புரிந்தது. சத்தம் வந்த பக்கமாக நாற்காலியை இழுத்தும் தூக்கியும் போனோம். நடுநடுவே சங்கு நின்று இருமல் கேட்கும். நாங்களும் அப்படியே நின்றுவிடுவோம். மறுபடி ஊதுவார், நகர்வோம். உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டு நாலு படி இறங்கியிருப்போம். மேலே கூரை மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

மாஷிமாவின் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. நான் வாசலிலேயே தயங்கினேன். என்னிடம் முகக்கவசம்கூட இல்லை. அவர் முந்தானையால் மூக்கைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். "எஷோ மா, எஷோ," என்றார். வாம்மா, வா. ஜன்னல் இல்லாத பூஜை அறைதான் அந்த வீட்டில் பத்திரமான இடம். அதில் நாங்கள் நால்வரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.

பக்கத்து வீட்டுச் சங்கு ஊதி ஊதிக் காத்திருந்தது. பதில் சொல்ல மாஷிமாவிடம் மூச்சு மிச்சமில்லை. மகன் அவருக்கு மருந்தை உறிஞ்சக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சங்கை வாங்கி ஊதிப் பார்த்தேன், வெறும் காற்றுதான் வந்தது. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். வீட்டில் சங்கைத் தொடவே யோசிக்கிறவர். வாயில் வைத்து, கண்ணை மூடி, ஒரே ஊது. என்னைத் திட்டித் திட்டித் தேறிய நுரையீரல் அல்லவா, தெருவுக்கே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. மாஷிமா மூச்சிரைப்புக்கு நடுவே சிரித்தார். காற்று ஓயும்வரை அந்த வீட்டுக்காக ஊதியது என் மாமியார்தான். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத அந்த இரண்டு பெண்களும் கையைக் கோத்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள், விழுந்த மரங்கள் மேல் ஏறி இறங்கி என் கணவர் ஹவுராவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். மேலே போய் அந்த அறையைப் பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மாமியாரின் நாற்காலி இருந்த இடத்தில் உடைந்த தகடும் பக்கத்து மாடிச் செங்கலும் குவிந்து கிடந்தன. மாஷிமாவுக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்று அடுத்த இரண்டு வாரம் நான் கும்பிடாத சாமி இல்லை. நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை.

எத்தனையோ பேர் அந்தக் காற்றின் பலத்தைப் பற்றி வியந்து பேசிக் கேட்டிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் கதவை மூடியே வைத்திருக்க எல்லா நியாயமும் இருந்த ஒருவர், தன்னிடம் இருந்த கொஞ்சம் மூச்சையும் எங்களுக்காக ஊதிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே வா என்று கூப்பிட்டதுதான் இன்றைக்கும் என்னைப் பேச்சில்லாமல் நிறுத்திவிடுகிறது.