பக்கத்து வீட்டு நர்ஸ் கொடுத்த புகார்

ஆந்திர எல்லையோரம் வரதய்யபாளையத்தில் நாங்கள் நாய் வளர்க்க ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எங்கள் மேல் புகார் வந்துவிட்டது. கொடுத்தவள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸ். திருத்தணிப் பக்கத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். சூளூர்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. காலையில் வந்து படுத்தால் எங்கள் நாய் தூங்க விடுவதில்லையாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் கணவரும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறோம். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பி வர சாயங்காலம் ஆகிவிடும். நாங்கள் இருக்கும் நேரத்தில் அது வாயே திறக்காது.

கிராம சச்சிவாலயத்துக்கு, அதாவது ஊர் அரசு அலுவலகத்துக்கு, எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பஞ்சாயத்துச் செயலாளர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறினார். "நாய் வளக்கறது தப்பில்லம்மா. ஆனா பக்கத்துல இருக்கறவங்க தொந்தரவுன்னு எழுதிக் குடுத்தா, நாங்க விசாரிச்சிதான் ஆகணும்."

"எங்க நாய் கத்தாது சார். இந்தப் பொண்ணு வேணும்னே சொல்லிக்கினு கீது" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன. "அக்கா, ஒரு நாள் லீவு போட்டுட்டு எங்க வீட்ல வந்து உக்காருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்" என்றாள். செயலாளரும் அதுவே சரி என்றார்.

மறுநாள் வழக்கம்போல வீட்டைப் பூட்டி, நாயை முன்பக்கம் கட்டிவிட்டுக் கிளம்பினேன். தெருவைச் சுற்றிவந்து, பின்வாசல் வழியாக அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன்.

சிறிது நேரத்தில் ஆரம்பித்தது. முதலில் குரைப்பு. பிறகு அது ஊளையாக மாறியது. சங்கிலியை இழுக்கும் சத்தம், தண்ணீர்க் கிண்ணம் கவிழும் சத்தம். தெருவில் பைக் ஏதாவது வந்தால் சட்டென்று அடங்கும். பைக் நிற்காமல் போனதும் மறுபடி அழும். பதினொரு மணிக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நானும் அழுதுவிட்டேன்.

அவள் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொதல்ல எனக்கும் கோவந்தான் வந்துச்சிக்கா. அப்புறந்தான் புரிஞ்சிது, அது உங்களத்தான் கூப்ட்டுக்கினு இருக்குது."

"சத்தியவேட்ல என் மச்சினர் வூடு கீது. அங்க குடுத்துடறேன்" என்றேன்.

"எதுக்குக்கா? காலைல எங்க வாசல்ல கட்டிட்டுப் போங்க. பக்கத்துல ஆளு இருந்தா கத்தாதுன்னு நெனைக்கறேன்."

இரண்டு நாள் குரைத்தது. மூன்றாம் நாள் அவள் சங்கிலியைக் கழற்றி உள்ளே விட்டாள். அவள் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்ததாம். அவள் எழும்வரை அதுவும் எழவில்லை.

புகாரைத் திரும்பப் பெற இருவரும் சேர்ந்தே போனோம். என்ன காரணம் எழுதுவது என்று செயலாளர் கேட்டார். "நாய் இப்ப எங்க வீட்லதான் தூங்குதுன்னு எழுதுங்க சார்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே எழுதினார்.

வேறு யாராவது இருந்திருந்தால் கல்லால் அடித்திருப்பார்கள், சோற்றில் எதையாவது கலந்துகூட வைத்திருப்பார்கள். அவள் எழுதிக் கொடுத்தாள். அதனால்தான் தினமும் என் வீட்டு வாசலில் எதை அழவிட்டுப் போனேன் என்று எனக்குத் தெரிந்தது. நன்றி சொன்னால் "போங்கக்கா" என்று சிரித்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எழுந்திருக்கும் நேரம் பார்த்துக் கறிக்குழம்பு கொண்டுபோய் வைக்கிறேன். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்வதில்லை.