பத்தில் மூன்று போனால்

அன்று வீட்டில் நானும் ஐந்து வயதுத் தம்பியும் மட்டும் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் சாமைக் காட்டுக்குப் போயிருந்தார்கள். எங்கள் மலைநாட்டு ஊர்களில் அப்போது பள்ளிக்கூடம் கிடையாது. அடிவாரத்தில் தங்கிப் படித்த நான், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பலாக்கொட்டைகளை வைத்து அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். அது பலாப் பருவம் இல்லை. அதனால் வேலியில் காய்த்த குன்றிமணியில் பத்தை எண்ணி முறத்தில் வைத்தேன்.

“பத்துக் கொட்டையில மூணத் தின்னுட்டா மீதி எத்தன கண்ணு?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் மொள்ளப் போனேன்.

“ஏழுண்ணா!”

“அடேயப்பா, வாத்தியார் ஆயிருவ போல!” என்று பெருமையோடு வந்தேன். முறத்தில் ஏழு இருந்தன. தரையில் ஒன்றும் இல்லை.

“மிச்சம் மூணு எங்க சாமி?”

“நீதான திங்கச் சொன்ன? கசக்குதுண்ணா.”

“முழுங்கினியா, கடிச்சுத் தின்னியா?”

“கடிச்சுத்தான்.”

முழுதாக இருக்கும்வரை குன்றிமணி விளையாட்டுச் சாமான். அரைபட்டால் மாட்டையே கொல்லும். ஓடிப்போய் அப்பாவை அழைத்துவந்தேன். தம்பி சிரித்து விளையாடிக்கொண்டுதான் இருந்தான். அந்த விஷம் மெதுவாகத்தான் வேலை செய்யும்; அதுதான் பயமாக இருந்தது. பொழுது சாயும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினார்.

அவன் பிழைத்து எழுந்தபோது, வைத்தியச் செலவுக்கு எங்கள் கறவைப் பசுவும் அந்த வருஷத்து மிளகு முழுவதும் போயிருந்தன.