சினையக்காவின் கை

மீன் சந்தையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சினையக்கா என்றால் போதும், குழாயடிக்குப் பக்கத்தில் கத்தியோடு உட்கார்ந்து மீன் வெட்டுகிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். ஆற்று மீனின் வயிற்றைத் தடவியே உள்ளே சினை இருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறு என்ன சொத்து இருக்கிறது அவளுக்கு?

வாங்கியவர் வேண்டாமென்று விடும் சினை, வெட்டுகிறவளுக்கே சேரும் என்பது சந்தை வழக்கம். பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கு எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை. வறுத்த சினையை மட்டும் ஆசையாகச் சாப்பிட்டாள். அதனால் சினையக்கா ஒரு தூக்குச் சட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

கோளாறு அப்போதுதான் ஆரம்பித்தது. ஆண் மீன் என்று அடித்துச் சொல்லி வெட்டினால் உள்ளே சினை இருந்தது. ஒருமுறை என்றால் கை தவறியது எனலாம். திரும்பத் திரும்ப நடந்தால்? பேரை மாற்றிவிடலாமா என்று எதிர்க்கடை மீன்காரர் கிண்டலடித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

பார்வை மங்கி மீனை மாற்றி எடுக்கிறோமோ என்று கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்படியானால் கைதான் மரத்துவிட்டதோ? வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கூடையில் இருந்த காய்களைத் தடவித் தடவிப் பெயர் சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒன்றும் புரியாவிட்டாலும் சட்டி தினமும் நிறைந்தது. கை கெட்டாலும் பிள்ளை வாய்க்கு ருசியாகக் கிடைக்கிறதே என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒரு காலையில் வெட்டிய மீனை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆண் மீனின் வெள்ளை விந்துப் பை தெளிவாக இருந்தது. அந்தப் பைக்குள்ளேயே முட்டைகளும் இருந்தன. சோதனைக்கு மீன் வாங்க வந்திருந்த மீன்வளத்துறைப் பெண் குனிந்து பார்த்தாள். ஆண் மீன் என்று சொன்னதிலெல்லாம் சினை வருகிறது, கை கெட்டுவிட்டது என்று சினையக்கா அவளிடம் புலம்பினாள்.

"உங்க கை மேல தப்பில்லம்மா. இது ஆண் மீன்தான். ஆத்துல கலக்குற சாக்கடையும் ஆலைத் தண்ணியும்தான் இப்படி ஆக்குது."

சினையக்காவுக்குப் போன மானம் திரும்பி வந்தது போலிருந்தது. எதிர்க்கடைக்காரரைக் கூப்பிடத் திரும்பியவளின் கண்ணில் தூக்குச் சட்டி பட்டது.

"இதச் சாப்பிட்டா என்ன ஆகும்?"

"மனுசங்களுக்கு என்ன பண்ணும்னு சரியாத் தெரியல. இப்போதைக்குச் சாப்பிடாம இருக்கிறது நல்லது."

"ஏற்கெனவே சாப்பிட்டிருந்தா?"

அந்தப் பெண் சோதனைக்கு அந்தப் பையை எடுத்துப் போட்ட புட்டியின் மூடியை இறுக்கினாள்.

சட்டியைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனாள் சினையக்கா. அதுவும் ஆற்றில்தானே போய்ச் சேரும் என்று தோன்றியது. குப்பையில் போட்டால் பூனை தின்னும். என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்தாள். மகள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கும் கிடைச்சுதாம்மா?"

சினையக்கா சட்டியைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மகளின் வயிற்றில் கை வைத்தாள். குழந்தை உதைத்தது. மகள் கூச்சத்தில் சிரித்தாள். சினையக்கா மெல்லத் தடவிப் பார்த்தாள், பிறகு இன்னொரு முறை தடவினாள். கைக்கு எதுவும் தெரியவில்லை.